சண்டை ரோபோவுக்குக் கட்டுப்படியாகும் லித்தியம் பேட்டரி: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும்

களத்தில் ஒன்றோடொன்று மோதி உடைக்கும் சண்டை ரோபோ கட்டுகிற பலர் பேட்டரியைக் கடைசியாகத்தான் தேடுகிறார்கள். மோட்டார் முடிவாகி, ஆயுதம் வெட்டியாகி, சட்டகமும் பூட்டியாகியிருக்கும். நடுவில் 58-க்கு 31-க்கு 17 மில்லிமீட்டரில் ஒரு பொந்து மிஞ்சியிருக்கும். அந்தப் பொந்துக்கு அளவெடுத்தாற்போல் பேக் தேடினால் கிடைப்பது ஒன்றோ இரண்டோதான், அதுவும் கூடுதல் விலையில், நீண்ட காத்திருப்பில். கட்டுப்படியாகிற விலையில் நல்ல பேட்டரி வேண்டுமென்றால் இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். முதலில் பேக்கைத் தேர்ந்தெடுங்கள், பிறகு அதைச் சுற்றி ரோபோவைக் கட்டுங்கள்.

ஊரெல்லாம் வாங்குகிற பேக்தான் மலிவாகக் கிடைக்கும். லித்தியம் பாலிமர் (சுருக்கமாக லிப்போ) பேக்குகளின் விலையைச் சண்டை ரோபோக்காரர்கள் தீர்மானிப்பதில்லை, நம் எண்ணிக்கை அவ்வளவு குறைவு. ட்ரோன் பறக்க விடுகிறவர்களும் ரிமோட் கார், விமானம் ஓட்டுகிறவர்களும் எந்த அளவை மூட்டை மூட்டையாக வாங்குகிறார்களோ அந்த அளவுதான் எல்லாத் தயாரிப்பாளரிடமும் இருக்கும், போட்டியில் விலையும் இறங்கும். 4 எஸ் என்றால் சுமார் 3.7 வோல்ட் செல்கள் நான்கைத் தொடராகக் கோத்த பேக், எம்.ஏ.எச். என்பது மில்லி ஆம்பியர்-மணியில் அதன் கொள்ளளவு. 5 அங்குல ட்ரோனுக்கு 4 எஸ் 1300 முதல் 1550 எம்.ஏ.எச். வரை, 6 எஸ் என்றால் 1000 முதல் 1400 வரை. 3 அங்குல ட்ரோனுக்கு 4 எஸ் 650, 850, கூடவே 3 எஸ் 450. சிறிய விமானங்களுக்கு 3 எஸ் 2200. இவை எல்லாம் எப்போதும் கிடைக்கிற அளவுகள். 3 எஸ் 730, 5 எஸ் 1050 மாதிரி அபூர்வ எண்களைத் தொட்டால் இந்த வருடம் கிடைத்தது அடுத்த வருடம் கிடைக்காமல் போகலாம்.

சண்டை ரோபோ எடைப் பிரிவுகளோடு இவற்றைப் பொருத்திப் பார்த்தால் நல்ல வேளையாக நன்றாகவே பொருந்துகின்றன. 150 கிராம் ரோபோவுக்கு 2 எஸ் 300 போதும். ஒரு பவுண்டு ஆன்ட்வெயிட்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, 3 எஸ் 450. மூன்று பவுண்டு பீட்டில்வெயிட்டுக்கு 4 எஸ் 850 அல்லது 1000. 12 பவுண்டுக்கு 6 எஸ் 1300 ஒன்று, ஆயுதம் கனமாக இருந்தால் இரண்டை இணையாகப் போடலாம். 30 பவுண்டுக்குப் போனால் 6 எஸ் 4000-ஐ ஒட்டி நிற்கும். காருக்கென்று வரும் கெட்டிப் பிளாஸ்டிக் உறை போட்ட 2 எஸ் பேக் பார்க்கப் பலமாகத் தெரியும். அந்த உறை மெல்லியது, ஆயுத அடிக்கு நிற்காது. வீண் எடை.

எத்தனை எம்.ஏ.எச். என்பதைக் கணக்குப் போட்டே முடிவு செய்யலாம். சண்டை மூன்று நிமிடம் என்றால் அது ஒரு மணி நேரத்தில் இருபதில் ஒரு பங்கு. ஒரு பீட்டில்வெயிட்டை எடுத்துக்கொள்வோம். சக்கர மோட்டார் இரண்டும் சேர்ந்து சராசரி 3 ஆம்பியர், ஆயுதம் சராசரி 10 ஆம்பியர். மொத்தம் 13. இருபதால் வகுத்தால் 650 எம்.ஏ.எச். பேக்கில் 80 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சக் கூடாது என்று வைத்தால் 810 வேண்டும். புதிய 850 பேக் இதைச் செய்துவிடும், ஆனால் கடைசி நொடி வரை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான். நாற்பது ஐம்பது சார்ஜ் பார்த்த 850 செய்யாது. 1000 போட்டால் நிம்மதி. 1500 போட்டால் 70 கிராம் வரை கூடுதல் எடை, பீட்டில்வெயிட்டில் அது ஆயுதத்துக்கோ கவசத்துக்கோ போயிருக்க வேண்டிய எடை.

ஆயுதம் நின்று நின்று மீண்டும் வேகமெடுப்பதுதான் பேட்டரியைக் காலி செய்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அதையும் போட்டுப் பார்ப்போம். ஆயுதம் 150 ஜூல் சேமிக்கிறது, மோட்டாரும் பெல்ட்டும் சேர்த்துப் பாதி வீணாகிறது என்று வைத்தால் ஒரு தடவை வேகமெடுக்க 300 ஜூல். ஐம்பது தடவைக்கு 15,000 ஜூல். 4 எஸ் 1000 பேக்கில் இருப்பது 14.8 வாட்-மணி, ஏறக்குறைய 53,000 ஜூல். ஐம்பது மோதலுக்கும் நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் செலவு. மிச்சத்தைத் தின்பது காற்றின் தடை, பேரிங் உராய்வு, சுவரில் முட்டிக்கொண்டு சுற்ற முடியாமல் நிற்கும் சக்கரங்கள். ஆக, கொள்ளளவு பெரும்பாலும் பிரச்சினையே இல்லை. ஒரே நொடியில் எவ்வளவு மின்னோட்டம் கொடுக்க முடிகிறது என்பதில்தான் மலிவுப் பேக்குகள் கவிழ்கின்றன.

லேபிளில் இருக்கும் சி மதிப்பு

சி என்பது கொள்ளளவின் மடங்கு. 1000 எம்.ஏ.எச். பேக்கில் 100 சி என்று அச்சிட்டிருந்தால் 100 ஆம்பியர் தொடர்ந்து தரும் என்று பொருள். எந்த 1000 எம்.ஏ.எச். லிப்போவும் அதைத் தராது. இந்த எண்ணை எல்லோரும் ஒரே முறையில் அளந்து போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால் ஒருவர் 75 போட்டால் அடுத்தவர் 100, அதற்கடுத்தவர் 150. கிராஃபீன் என்ற சொல்லும் அப்படித்தான். அந்த இரண்டையும் பார்த்து ஒரு காசு கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை.

பார்க்க வேண்டியது உள் மின்தடை. எல்லாச் செல்களையும் ஒரே வோல்ட்டுக்குக் கொண்டுவரும் பேலன்ஸ் சார்ஜர்களில் ஓரளவு நல்லவை ஒவ்வொரு செல்லுக்கும் இதை மில்லி ஓமில் காட்டும். ஹாபி வட்டாரத்தில் புழங்கும் ஒரு கணக்கு, செல்லுக்குள் 1000 எம்.ஏ.எச்.-க்கு 6 வாட் வரை வெப்பம் உண்டானால் தாங்கும் என்கிறது. அதிலிருந்து ஒரு சுலபமான வழி கிடைக்கிறது. செல்லின் மில்லி ஓமை ஆம்பியர்-மணியால் பெருக்குங்கள். 850 பேக் 7 மில்லி ஓம் காட்டினால் 0.85 பெருக்கல் 7, கிட்டத்தட்ட 6. பெருக்கு எண் 6 என்றால் உண்மையான சி ஏறக்குறைய 32. எண் 10 வந்தால் 24 சி. 15 வந்தால் 20 சி. கொள்ளளவு எதுவானாலும் இந்தப் பெருக்கு எண்ணை ஒன்றோடொன்று ஒப்பிடலாம், அதுதான் இதன் அருமை. 7-க்குக் கீழே வருகிற மலிவுப் பேக் கிடைத்தால் விடாதீர்கள். 10 பக்கம் வந்தால் ஆயுதம் இல்லாத, முட்டித் தள்ளுகிற ரோபோவுக்குத் தாராளமாகப் போதும். 15-ஐத் தாண்டினால் ஆயுத ரோபோவுக்குள் வைக்க வேண்டாம்.

இது தொடர் மின்னோட்டத்துக்கான எண். ஓரிரு நொடிக்கு இதைப்போல் இரண்டு மடங்கு வரை உறிஞ்சலாம், பேக் பிழைத்துக்கொள்ளும்.

சார்ஜர் காட்டும் மில்லி ஓமை அப்படியே வேதவாக்காக எடுக்கக் கூடாது. சார்ஜருக்கு சார்ஜர் அளக்கும் முறை வேறு, செல்களைத் தனித்தனியாக சார்ஜரோடு இணைக்கும் பேலன்ஸ் கனெக்டரின் தொடுமுனைத் தடையும் சேர்ந்துகொள்ளும். குளிர்ந்த பேக் உண்மையைவிட மோசமாகக் காட்டும். எப்போதும் ஒரே சார்ஜர், முழு சார்ஜ், பேக் 25 டிகிரியை ஒட்டிய அறை வெப்பத்துக்கு வந்த பிறகு, மூன்று தடவை அளந்து நடு எண்ணை எடுங்கள். அப்போதுதான் ஒரு பேக்கை இன்னொன்றோடு ஒப்பிட முடியும்.

வாங்குவதற்கு முன்னால் உள் மின்தடையைப் பார்க்க முடியாதே என்றால், எடையைப் பார்க்கலாம். அதிக மின்னோட்டம் தர வேண்டிய செல்லுக்குள் உலோகத் தகடுகள் தடிமனாகவும் வேதிப் பூச்சு மெல்லியதாகவும் இருக்கும். அதனால் ஒரே கொள்ளளவில் நேர்மையான பேக் கனமாக இருக்கும். ஒயரும் கனெக்டரும் சேர்த்து 3 எஸ் 450 சுமார் 40 முதல் 48 கிராம், 4 எஸ் 850 சுமார் 95 முதல் 105, 4 எஸ் 1500 சுமார் 170 முதல் 190, 6 எஸ் 1300 சுமார் 205 முதல் 230. விற்பனைப் பக்கத்தில் 4 எஸ் 1500 எம்.ஏ.எச்., 120 சி, எடை 135 கிராம் என்று போட்டிருந்தால் அதில் ஏதோ ஒன்று பொய். வாட்-மணியைக் கிலோவால் வகுத்துப் பாருங்கள். உயர் மின்னோட்டப் பேக்குகள் 105-க்கும் 140-க்கும் இடையில் விழும். 160-ஐத் தாண்டி, கூடவே பெரிய சி எண்ணும் போட்டிருந்தால் நகர்ந்துவிடுங்கள்.

எங்கிருந்து வாங்குவது

புதிய லிப்போவில், ட்ரோன்காரர்கள் மொத்தமாக வாங்கும் பெயர்களே நமக்கும் போதும். சி.என்.எச்.எல்., ஜி.என்.பி., டாட்டு, ஜென்ஸ் ஏஸ், டர்னிஜி, ஓவோனிக் போன்றவை பரவலாகப் புழங்குகின்றன. ஒரே பெயருக்குள்ளும் இரண்டு மூன்று தரம் இருக்கும், தொகுதிக்குத் தொகுதி மாறவும் செய்யும். அதனால் பெயரை நம்பி ஒரே தடவையில் ஆறு வாங்குவதைவிட ஒன்று வாங்கி அளந்து பார்த்து, உடனே அடுத்த மூன்றை அதே இடத்தில் வாங்குவது மேல். உடனே என்பது முக்கியம். நான்கு மாதம் கழித்து வாங்கினால் வேறு தொகுதி வரும்.

விலையை ஒப்பிடும்போது அனுப்பும் செலவையும் சேர்த்தே பாருங்கள். தனியாக அனுப்பப்படும் லித்தியம் அயான் பேட்டரிக்கு (லிப்போவும் இதில் அடக்கம்) யூ.என். 3480 என்ற எண். 2016 ஏப்ரல் முதல் இதைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற முடியாது. சரக்கு விமானத்தில் போனாலும் 30 சதவீத சார்ஜுக்கு மேல் இருக்கக் கூடாது. மலிவான விலையில் தெரியும் பேக்கின் அனுப்பும் செலவு திகைக்க வைப்பது இதனால்தான். தரைவழியாக அனுப்பும் கிடங்கிலிருந்து, நாலைந்து பேர் சேர்ந்து ஒரே ஆர்டராகப் போட்டால் ஒரு பேக்கின் அடக்கவிலை கணிசமாக இறங்கும். போட்டிக்கு விமானத்தில் போகிறவர்களுக்கும் ஒன்று: உதிரி பேட்டரிகள் கைப்பையில் மட்டுமே, ஒவ்வொன்றும் 100 வாட்-மணிக்குள். 6 எஸ் 4000 என்பது 88.8 வாட்-மணி, போகலாம். 6 எஸ் 5000 என்பது 111, விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 30 பவுண்டு ரோபோவுக்குப் பேக் தேர்ந்தெடுக்கும்போதே இதை நினைவில் வைத்தால் பின்னால் தவிக்க வேண்டியதில்லை.

இருப்பைத் தீர்க்கத் தள்ளுபடியில் விற்கும் பழைய சரக்கு கண்ணை இழுக்கும். லிப்போ அலமாரியில் சும்மா இருந்தாலும் முதுமையடையும். உற்பத்தித் தேதி தெரிந்தால் ஒரு வருடத்துக்குள் இருப்பதை வாங்குங்கள். தேதி தெரியாவிட்டால் ஒன்றே ஒன்று வாங்கி அளந்து பாருங்கள். பிறர் பயன்படுத்திக் கழித்த ட்ரோன் பேக்குகள் பயிற்சி ஓட்டத்துக்கு நல்லவை. நேரில் போய், ஒவ்வொரு செல்லின் வோல்ட்டையும் காட்டும் செல் செக்கர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வாங்குங்கள். செல்களுக்குள் 0.05 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ, உறையைத் தடவும்போது தலையணை போல மெத்தென்று இருந்தாலோ, சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

மடிக்கணினிப் பேட்டரியிலிருந்து பிரித்தெடுத்த 18650 என்ற உருளைச் செல்களைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். அவை மணிக்கணக்கில் மெதுவாகக் கொடுக்கச் செய்யப்பட்டவை. பெரும்பாலானவை 2 சி பக்கமே திணறும். சண்டை ரோபோவுக்கு ஆகாது. புதிய உயர் மின்னோட்ட 18650 வேறு விஷயம். சாம்சங் 25ஆர் 2500 எம்.ஏ.எச்., 20 ஆம்பியர். ஆனால் ஒரு செல் 45 கிராம். நான்கு கோத்தால் 180 கிராமுக்கு 20 ஆம்பியர் கிடைக்கிறது. அதே எடையில் நல்ல 4 எஸ் 1500 லிப்போ அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் தரும். மோலிசெல் பி42ஏ போன்ற, சற்றுப் பெரிய 21700 செல்கள் ஒவ்வொன்றும் சுமார் 70 கிராம், 4200 எம்.ஏ.எச்., 45 ஆம்பியர். 12 பவுண்டுக்கு மேல் இவை யோசிக்கத்தக்கவை, எஃகுக் கூடு லிப்போவின் மெல்லிய பையைவிடக் குத்துக்குத் தாக்குப்பிடிக்கும். அங்கும் இடறுவது இணைப்பில்தான். 0.15 மில்லிமீட்டர் தடிமன், 8 மில்லிமீட்டர் அகல நிக்கல் பட்டை 5 முதல் 7 ஆம்பியரைத் தாண்டினால் சூடேறத் தொடங்கிவிடும். 45 ஆம்பியர் செல்லை அந்தப் பட்டையில் கோத்துவிட்டு செல் மோசம் என்பதில் நியாயமில்லை. செல் மீது நேரடியாக சால்டர் வைப்பதும் வேண்டாம், அந்தச் சூடு உள்ளே இருக்கும் பிரிப்பானைக் கெடுக்கும். 18650-இல் 9900 எம்.ஏ.எச். என்று அச்சிட்டவை கேலிக்கூத்து. நம்பகமான செல்கள் 3500-ஐ ஒட்டி நின்றுவிடுகின்றன.

கையடக்க டிரில் மெஷினின் 18 வோல்ட் பேக்கையும் சிலர் 12, 30 பவுண்டில் பயன்படுத்துகிறார்கள். சார்ஜர் ஏற்கெனவே இருந்தால் செலவு மிச்சம். பழைய நாள்களில் டீவால்ட் 36 வோல்ட் பேக்கைப் பிரித்து உள்ளே இருந்த பத்து ஏ123 26650 செல்களை எடுத்துப் பயன்படுத்தியதும் இந்தக் கணக்கில்தான். 2.3 ஆம்பியர்-மணி, 70 ஆம்பியர் தொடர்ந்து, எளிதில் தீப்பிடிக்காத இரும்பு பாஸ்பேட் வேதியியல். டிரில் பேக்கில் ஒன்றைக் கவனியுங்கள்: சிலவற்றில் பாதுகாப்புச் சுற்று அதிக மின்னோட்டத்தைக் கண்டதும் சட்டென்று துண்டித்துவிடும், ரோபோ களத்தின் நடுவே மொத்தமாகச் செத்துப்போகும். வேறு சிலவற்றில் வோல்ட் குறைந்தால் நிறுத்துகிற வேலை டிரில்லில் இருக்கும், பேக்கில் இருக்காது. ரோபோவில் போட்டால் அடிவரை உறிஞ்சிக் கொன்றுவிடும்.

பேக் கைக்கு வந்ததும்

சார்ஜரில் மாட்டும் முன் மல்டிமீட்டரை எடுங்கள். 30 சதவீத சார்ஜில் அனுப்பிய லிப்போ செல் 3.7 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும். 3.6-க்கும் 3.9-க்கும் இடையில் எதுவானாலும் கவலையில்லை. 3.3-க்குக் கீழே வந்திருந்தால் நெடுநாள் கிடந்திருக்கிறது, படம் எடுத்துத் திருப்பி அனுப்புங்கள். செல்களுக்குள் 0.03 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் குறித்து வையுங்கள். பேலன்ஸ் கனெக்டரில் ஒவ்வொரு முனையாக, கறுப்பிலிருந்து தொடங்கி அளக்கும்போது எண்கள் படிப்படியாக ஏற வேண்டும்: 3.7, 7.4, 11.1, 14.8. நடுவில் இறங்கினால் ஒயர் மாறிப் போயிருக்கிறது. மலிவுப் பேக்கில் அபூர்வமாக இப்படி வரும், அதை சார்ஜரில் செருகினால் புகை கிளம்பும்.

அடுத்து எடை. பிறகு 0.5 சி-யில் பேலன்ஸ் சார்ஜ், 4.20 வரை. உள் மின்தடையை அளந்து, ஒட்டுத்தாளில் தேதியோடு பேக் மேலேயே எழுதி ஒட்டுங்கள். ஒரு செல் மட்டும் 6, 6, 13, 7 என்று துருத்திக்கொண்டு நின்றால் பேக் முழுவதும் அந்த 13-இன் கதியைத்தான் அடையும். ஒரு நாள் அப்படியே வைத்து மறுநாள் அளந்து பாருங்கள். 4.20 இருந்தது 4.18 ஆகியிருக்கலாம். ஒரு செல் மட்டும் 4.12-க்கு இறங்கியிருந்தால் உள்ளே கசிவு. கடைசியாக, ரோபோவில் மாட்டி மூன்று நிமிடம் சண்டைபோல் ஓட்டி, மறுபடி சார்ஜ் செய்து எவ்வளவு எம்.ஏ.எச். திரும்பிப் போனது என்று பாருங்கள். 1000 பேக்குக்கு 700 போனால் அளவு சரியாக அமைந்திருக்கிறது. 900 போனால் அடுத்த பெரிய அளவுக்குப் போக வேண்டும்.

மட்டமான பேக் எப்படித் தன்னைக் காட்டிக்கொள்ளும் என்பதை ஒரு மோதலின் நடுவே பார்ப்போம். ஆயுதம் எதிரியில் இடித்து நின்று மீண்டும் வேகமெடுக்கிறது, 40 ஆம்பியர். அதே நொடியில் சக்கரங்கள் இரண்டும் சுவரில் முட்டி நிற்கின்றன, ஆளுக்கு 6. மொத்தம் 52 ஆம்பியர். செல் 8 மில்லி ஓம் என்றால் செல்லுக்கு 0.42 வோல்ட் சரியும். 14.8 வோல்ட் 13.1 ஆகும், ஒன்றும் நடக்காது. செல் 20 மில்லி ஓம் என்றால் செல்லுக்கு 1.04, மொத்தம் 10.6 வோல்ட்டுக்கு இறங்கும், ஒவ்வொரு செல்லுக்குள்ளும் 54 வாட் வெப்பம் எழும். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி. குறைந்த வோல்ட் என்று கருதி ஆயுதத்தை நிறுத்திவிடும். இதே சரிவு 2 எஸ் பேக்கில் நேர்ந்தால் ரிசீவருக்கு 5 வோல்ட் தரும் பி.இ.சி. சுற்றுக்கே உணவு போதாது. ரிசீவர் அணைந்து எழும், ஒன்றிரண்டு நொடி ரோபோ சிலையாக நிற்கும். வெளியே இருந்து பார்ப்பவருக்கு ரேடியோ கோளாறாகத்தான் தெரியும். ஆன்டெனாவை மாற்றி, ரிசீவரை மாற்றி, ரிமோட்டோடு மறுபடி இணைத்து (பைண்ட் செய்து) பணத்தைக் கொட்டுவார்கள். முட்டும்போதோ ஆயுதம் வேகமெடுக்கும்போதோ மட்டும் ரேடியோ போகிறது என்றால் முதலில் வேறொரு நல்ல பேக்கை மாட்டிப் பாருங்கள்.

ஆயுத ஈ.எஸ்.சி.-யில் குறைந்த வோல்ட் துண்டிப்பை அணைத்து வைப்பது பலரது வழக்கம். சண்டை நடுவே ஆயுதம் நிற்பதைவிட ஒரு பேக் போவது மேல் என்ற எண்ணம், அது சரியான எண்ணம்தான். அப்படியானால் சண்டை முடிந்ததும் முதல் வேலையாகப் பேக்கைக் கழற்றி செல் வோல்ட்டைப் பாருங்கள். 3.5-க்கு மேல் இருந்தால் நல்லது. 3.0-க்குக் கீழே போனதைப் போட்டிக்கு நம்பாதீர்கள்.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடங்கள் சில. முதலாவது கனெக்டர். 30 ஆம்பியர் வரை எக்ஸ்டி 30, அதற்கு மேல் எக்ஸ்டி 60. போலி எக்ஸ்டி 60-இன் பிளாஸ்டிக் சால்டர் சூட்டிலேயே இளகி ஊசி சாயும், அப்புறம் அதிர்வில் தொடர்பு விடும். சால்டர் வைக்கும்போது மறுபாதியைச் செருகி வைத்துக்கொண்டு செய்தால் நல்ல கனெக்டரிலும் ஊசி நேராக நிற்கும். இரண்டாவது பேலன்ஸ் வசதியுள்ள சார்ஜர். 4 எஸ் 1000 பேக்குக்கு 1 சி என்பது 17 வாட் கூட இல்லை, எனவே 50 வாட் சார்ஜரே சிறிய பிரிவுகளுக்கு வருடக்கணக்கில் போதும். உயர்வோல்ட் லிப்போ 4.35 வரை ஏறும். அந்த நிலையில் சார்ஜரை வைத்துவிட்டுச் சாதாரண பேக்கை மாட்டினால் தீ. வீட்டில் இரண்டு வகையையும் கலந்து வைத்துக்கொள்ளாமல் இருப்பதே நிம்மதி.

மூன்றாவது, பேக்கைச் சுற்றிய இடம். எல்லாப் பக்கமும் 2 முதல் 3 மில்லிமீட்டர் ஈ.வி.ஏ. ஃபோம். பேக் சூட்டில் சற்று உப்பும், அடி விழும்போது அதிரும், இரண்டையும் ஃபோம் வாங்கிக்கொள்ளும். பேக்கைத் தொடும் தூரத்தில் திருகு முனை எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. ஜிப் டை (பிளாஸ்டிக் கட்டுப்பட்டை) போட்டு நேரடியாக இறுக்கினால் அந்தக் கோட்டிலேயே பை கிழியும். கார்பன் ஃபைபர் தகட்டின் விளிம்பு கத்தி மாதிரி, மின்சாரத்தையும் கடத்தும். ஒயர் அதில் உரசாதபடி வழி மாற்றுங்கள். மலிவு பேக்கோ விலை உயர்ந்த பேக்கோ, குத்துப்பட்டால் இரண்டும் ஒரே மாதிரிதான் எரியும்.

எரியத் தொடங்கினால் ரோபோவைத் திறக்கப் போகாதீர்கள். அந்தப் புகையில் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு இருக்கும். நடத்துகிறவர்கள் சொல்கிறபடி விலகி நின்று, காற்றோட்டமான வெளியிடத்துக்குக் கொண்டுபோக விடுங்கள்.

எத்தனை பேக் வேண்டும் என்பதும் செலவுக் கணக்கில் சேரும். 1 சி-யில் சார்ஜ் ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், கடைசிப் பத்து சதவீதம் இழுத்துக்கொண்டே போகும். இரண்டு சண்டைகளுக்கிடையே சில சமயம் அரை மணிதான் கிடைக்கும். மூன்று பேக் குறைந்தபட்சம், நான்கு இருந்தால் அடிபட்ட ஒன்றை யோசிக்காமல் ஒதுக்கலாம். அப்படி ஒதுக்க மனம் வர வேண்டுமென்றால் பேக் மலிவாக இருக்க வேண்டும். கட்டுப்படியாகும் பேக்கைத் தேடுவதன் முழுப் பயனும் எனக்கு இங்கேதான் தெரிகிறது. ஒரே ஒரு விலை உயர்ந்த பேக்கை வைத்திருப்பவர் மூலை நசுங்கியதையும் மறுபடி மாட்டுவார். இணை சார்ஜ் பலகையில் ஒன்றாக ஏற்றுவதானால் எல்லாம் ஒரே வேதியியல், ஒரே செல் எண்ணிக்கை, செல்லுக்கு 0.1 வோல்ட்டுக்குள் வித்தியாசம். இல்லாவிட்டால் நிறைந்த பேக் காலிப் பேக்குக்குள் கட்டுப்பாடில்லாமல் பாயும்.

போட்டி முடிந்த அன்றைக்கே செல்லுக்கு 3.80 முதல் 3.85-க்குக் கொண்டுவந்து வையுங்கள். முழு சார்ஜில் ஒரு மாதம் கிடந்த பேக் ஒரு சண்டையும் போடாமலே உப்பும்.

உள் மின்தடை ஒட்டுத்தாளில் எழுதியிருந்ததைப்போல் இரண்டு மடங்கானதும் அந்தப் பேக் பயிற்சிக்கு இறங்கட்டும். உப்பியதோ குத்துப்பட்டதோ நேராகக் கழிவுக்குத்தான். உப்புத் தண்ணீரில் போடும் பழைய யோசனை வேண்டாம், முனைகள் அரித்துத் துண்டாகி உள்ளே மின்சாரம் அப்படியே நிற்கும். உறை கிழியாத பேக்கென்றால் வெட்டவெளியில் 12 வோல்ட் வாகன பல்பை மாட்டி, அணைந்த பிறகும் ஒரு நாள் விட்டு, செல் ஒவ்வொன்றும் பூஜ்யத்தை ஒட்டி வந்ததை அளந்து உறுதி செய்துகொள்ளுங்கள். 4 எஸ், 6 எஸ் என்றால் இரண்டு பல்பைத் தொடராகப் போடுங்கள். பிறகு கனெக்டரை வெட்டி எடுங்கள், ஒரு நேரத்தில் ஒரே ஒயர், வெட்டிய முனைக்கு டேப் சுற்றிவிட்டுத்தான் அடுத்தது. பேக் மறுசுழற்சிப் பெட்டிக்குப் போகட்டும். எக்ஸ்டி 60-இன் ஊசிகள் கறுக்காமல் இருந்தால் சால்டரை இளக்கி ஒயரை உருவிவிட்டு எடுத்து வையுங்கள், அடுத்த பேக்குக்கு ஆகும்.